மேல் இறக்கை

அம்மா இறந்ததிலிருந்து செங்கொடி அதிகம் பேசுவதில்லை. வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போனாள், வந்தாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். கணவன் அறிவு என்ன கேட்டாலும், "ஒண்ணுமில்ல" என்பாள்.

ஒரு நாள் கூரியரில் அவள் பேருக்கு ஒரு பெட்டி வந்தது. முதல் உலகப் போரில் பறந்த இரட்டை இறக்கை விமானத்தின் சின்ன மாதிரி, துண்டு துண்டாக. எதற்கு என்று அறிவு கேட்கவில்லை. சாயங்காலமானால் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி, உரசி, ஒட்டினாள். அப்போது மட்டும் அவள் முகத்தின் இறுக்கம் விட்டிருக்கும். அவன் டீயை வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வான்.

அன்றைக்கு வேலையிலிருந்து வந்தவள் மேஜைக்கடியில் குனிந்து எதையோ துழாவினாள்.

"இன்னா தேடற?"

"மேல் றெக்கைய தாங்குற தூணு. ரெண்ட மட்டும் வெட்டாம சட்டத்திலயே வுட்டு வெச்சிருந்தேன். காணோம்."

வெறும் சட்டம் என்று நினைத்துக் காலையில் குப்பை வண்டியில் போட்டது அறிவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடினான். தெருவில் குப்பை வாங்கும் குப்பம்மா டீக்கடையில் நின்றிருந்தாள்.

"காலைல போட்டதா? அது கொடுங்கையூர் குப்பமேட்டுக்குப் போய் சேந்திருக்கும் நைனா. இன்னா, தங்கமா?"

"இல்லக்கா. பிளேனோட தூணு."

குப்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தவன் துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவி அவள் முன்னால் நீட்டினான்.

"நான்தான் தூக்கிப் போட்டேன் கொடி. தெரியாம. இது ஆவுமா பாரு."

செங்கொடி குச்சிகளைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளேடால் குச்சிகளைச் சீவி அளவாக நறுக்கினாள். பசை வைத்து மேல் இறக்கையைப் பொருத்தியதும், காயும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆடாத."

"ஆடல."

கொஞ்ச நேரம் கழித்து, விமானத்தைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "அன்னிக்கு அம்மா கைய இப்டித்தான் புட்ச்சிகினு இருந்தேன். டூட்டிக்கு லேட்டாவுதுன்னு வுட்டுட்டுப் போயிட்டேன்."

இதைத்தான் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்தாளா?

"நீ போனப்புறம் நான் புட்ச்சிகினேன். கடைசி வரைக்கும் வுடல. 'புள்ள துன்னுட்டுப் போச்சா'ன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"துன்னுச்சின்னு சொன்னேன்."

"ரெண்டு இட்லி துன்னேன்யா," என்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. அவன் தோளைக் கொடுத்தான். அவள் அதில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. இன்னொன்று. இன்னொன்று.

"சோறு கொழஞ்சிடும்," என்றான்.

"கொழயட்டும். கைய எடுக்காத."