கை தூக்கினால் போதும்

கோதண்டத்தை ஒருக்களித்துப் புரட்டி, அவனுக்கு அடியில் நனைந்து கிடந்த கந்தலை உருவி எடுத்தாள் அவன் மனைவி சொர்ணம். உலர்ந்த துணி வேறு இல்லை. தன் பழம்புடவையின் முந்தானையைக் கிழித்து மடித்து வைத்தாள்.

குடிசை வாசலில் சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தான் அய்யாசாமி. கோதண்டத்தின் தம்பி, கரையான்சாவடிச் சபையின் உபதேசியார், சபைக் கமிட்டியில் அங்கத்தினனும்கூட. அண்ணனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று ஆராயவே கமிட்டி அன்று மறுபடியும் கூடுகிறது.

பருத்திப்பட்டில் ஆண்டைகளின் நிலத்தில் உழுதே கிழடானவன் கோதண்டம். ஒரே மகள் ராணி, வெள்ளைக்காரத் துரைசாணியின் பள்ளியில் படிக்கும்போது ஞானஸ்நானம் பெற்றாள். அடுத்த கோடையில் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் புதைத்த நாள்முதல் கோதண்டத்துக்கு ஒரே ஆசைதான்: மகளுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். அங்கே இடம் கிடைக்க ஞானஸ்நானம் வேண்டும். ஞானஸ்நானம் பெற, சபைக்கு முன்னால் தன் வாயால் விசுவாச அறிக்கை சொல்ல வேண்டும். ஏர் ஓட்டிக்கொண்டே அதை உருப்போட்டான். அவனுக்கு முன்னால் மாடுகள் ஒப்பித்துவிடும் என்று தெரு சிரித்தது. நாளும் குறித்தார்கள். அதற்குள் வாதம் அடித்து, வலப்பக்கமும் நாக்கும் ஒருசேர விழுந்துவிட்டன.

வாய் பேசாதவன் செய்யும் அறிக்கை அறிக்கையாகுமா? ஆகாது என்றார் பள்ளி ஆசிரியர் லோகநாதன். ஆகலாம், ஆனால் ஆதாரம் வேண்டும் என்றார் போதகர். பட்டணத்துப் பெரியவர்களைக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அய்யாசாமி வந்து, யார் என்ன சொன்னார்கள் என்பதை வரிசை பிசகாமல் சொல்லிவிட்டுப் போவான்.

அடுத்த குடிசைக் கெங்கம்மாள், வயலுக்குப் புறப்பட்டவள், அவனைப் பார்த்து நின்றாள்.

"ஆண்டை எதிர்க்க வாயத் தொறக்காதடான்னு வளத்தாங்க. பொறந்ததுலேந்து மூடிக்கினே கீறாரு மனுசன். இப்ப தொறந்தாத்தான் உங்க சாமி சேத்துக்குமா? நல்ல கமிட்டிதான் நைனா."

அய்யாசாமி கடைசிப் பொத்தானையும் பூட்டினான். அவள் போன பிறகு சொர்ணம் வெளியே வந்தாள்.

"தம்பி, நீயே அவரு தலையில ஞானஸ்நானத் தண்ணி ஊத்திடேன். சாவக் கெடக்கறவங்களுக்குச் சபையில கீறவங்க யாரு வேணா ஊத்தலாம்னு நீதான சொன்ன?"

"சொன்னேன் அண்ணி. ஆனா கமிட்டி கையில கீற விசயம். நடுவுல நான் பூந்தா, அண்ணனுக்கோசரம் ஒழுங்க மீறிட்டான்னு பேசுவாங்க."

"அண்ணனுக்கு ஊத்தாம வேற யாருக்கு ஊத்தப் போற?"

சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிடும் என்று சொல்லி அவன் நடந்தான். சொர்ணம் சபையில் சேராதவள். அவள் ஊற்றினால் அது வெறும் தண்ணீர்.

உச்சிப்பொழுது சாய்ந்தபின் கோதண்டத்தின் இடக் கை அவளுடைய புடவையைத் தேடிப் பற்றிக்கொண்டது. அவள் விசிறிக்கொண்டிருந்தாள். பிடி எப்போது தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓர் ஈ அவன் இமையில் உட்கார்ந்தது, இமை அசையவில்லை.

சொர்ணம் குரலெடுக்கவில்லை. எடுத்தால் தெரு கூடும். கூடினால் அவன் செத்தவனாகிவிடுவான். ஈயை ஓட்டியபடி, படலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தணிந்த நேரத்தில் படலைத் தள்ளிக்கொண்டு வந்தான் அய்யாசாமி. ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு இரைத்தது.

"அண்ணி, ஒத்துக்கினாங்க. வாயால சொல்ல வேணாமாம். போதகரு நாளைக்குக் காலையில வராரு. மூணு கேள்வி கேப்பாரு, மூணுக்கும் கை தூக்கினா போதும். எடது கையானாலும் செல்லும்னு தீர்மானம் போட்டாச்சு. அதுக்குத்தான் இம்மாம் நேரம்."

சொர்ணம் தன் மடியில் கிடந்த கோதண்டத்தின் இடக் கையை எடுத்துப் பாயில் வைத்தாள்.

"தூக்கச் சொல்லு."

அவன் அண்ணனைப் பார்த்தான். குனிந்து அந்தக் கையைத் தொட்டான், சில்லிட்டிருந்தது.

"இப்ப ஊத்தலாமா?" என்று கேட்டாள்.

"உசுரு போனவங்களுக்குக் குடுக்கக் கூடாது, அண்ணி."

"ராணி பக்கத்துல?"

"அத்தக் கமிட்டியில வச்சுத்தான்..."

அதன் பிறகே சொர்ணம் வாய்விட்டு அழுதாள், தெரு கூடியது.

அம்மன் திருவிழாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவனுக்கு ஊர்ச் சுடுகாட்டில் என்ன இடம் என்று சிலர் முறைத்தார்கள். கெங்கம்மாளின் புருஷன் தங்கவேல் யாரையும் கேட்காமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், ஏரிக்கரை ஓரமாகக் குழி வெட்டினான். கமிட்டிக்குக் காத்திராமல், பொழுது அடங்குவதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். முன்கம்பில் தோள் கொடுத்தவன் அய்யாசாமி. ஜெபம் செய்ய அவன் வாயெடுக்கவில்லை. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

சொர்ணம் தரையை மெழுகி முடித்தபோது ஆண்கள் திரும்பினார்கள். புதைத்துவிட்டு வந்து ஏரியில் முழுகுவது அஞ்ஞானம் என்று அந்தத் தெருவில் வீடுவீடாகச் சொல்லி வந்தவன் அய்யாசாமி. இப்போது மற்றவர்களோடு அவனும் முழுகியிருந்தான். சட்டை கையில் இருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்பவனைப்போல வாசலில் நின்றான்.

அவன் தலையிலிருந்து இறங்கிய நீர் நெற்றியிலும் மூக்கிலும் வழிந்து, மெழுகிய தரையில் சொட்டியது. சொர்ணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொள்ளத் துணி எடுத்துத் தர எழுந்திருக்கவில்லை.