விரிசல் வாத்தியாரின் பதவியேற்பு

பதவியேற்புக்கு இரண்டு மணி நேரம் இருந்தபோது, பல்கலைக்கழகத்தின் புதிய தலைவர் விழா மண்டபத்தில் மேசைமேல் நாற்காலி போட்டு ஏறி நின்றார். பக்கவாட்டுப் பால்கனியைத் தாங்கும் பீமில், தூணை ஒட்டி, சாய்வாக ஒரு விரிசல். சட்டைப் பையிலிருந்த பென்சிலால் விரிசல் முடிகிற இடத்தில் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதினார்: 9.05. முப்பது வருடப் பழக்கம். விரிசல் கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று பொருள்.

9.25க்கு ஒரு விரற்கடை தாண்டியிருந்தது.

பதிவாளரைக் கூப்பிட்டார். “மண்டபத்த மூடணும். இது சொல்லிட்டு விழுற ரகம் இல்ல.”

“தாராளமா மூடலாம் சார்.” முடியாது என்ற சொல்லைப் பதிவாளர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து உச்சரித்ததில்லை. “கட்டட எஞ்சினியர் சான்றிதழ் ஒண்ணு வேணும். அவர் லீவு.”

“நான் எஞ்சினியர் இல்லையா?”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் சார். பேராசிரியர் வேலைய ராஜினாமா பண்ணிட்டீங்களே.”

“சரி, தலைவரா உத்தரவு போடறேன்.”

“உறுதிமொழி எடுத்ததும் போடலாம்.”

“வெளியில மரத்தடியில எடுத்துக்கறேன். இப்பவே!”

“இந்த மண்டபத்துல எடுத்தாத்தான் செல்லும் சார். நீங்க டீனா இருந்தப்ப எழுதின விதி. அழகான விதி.”

உண்மைதான். முந்தைய தலைவர் விமான நிலையத்தில் நின்றபடி உறுதிமொழி எடுத்ததில் மானம் போய்விட்டதென்று, மூன்று கூட்டம் நடத்தி இவரே எழுதியது.

இவர் இந்த நாட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தவர். ஆரம்பத்தில் இவர் உச்சரிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. முதல் கருத்தரங்கில் வாய் குழறி நின்றவர், தற்செயலாக மேலே பார்த்து, “இந்தக் கூரையில விரிசல் இருக்கு, சீக்கிரம் முடிச்சுக்கறேன்” என்றார். சபை குலுங்கியது. அன்றிலிருந்து எந்த மேடையிலும் முதல் வாக்கியம் அதுதான். ஆராய்ச்சி அவரைப் பேராசிரியர் ஆக்கியது. துறைத் தலைவர், டீன் என்று மேலே ஏற்றியதெல்லாம் அந்த ஒரு ஜோக். ‘விரிசல் வாத்தியார்’ என்ற பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

பத்தரைக்கு மனைவியும் அண்ணனும் வந்தார்கள். குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நாற்காலிகள் அந்தப் பீமுக்கு நேர் கீழே. ஏசி காற்று நன்றாக வருமாம்.

“இங்க உக்காராதீங்க, கடைசி வரிசைக்குப் போங்க” என்றார்.

அண்ணன் முறைத்தார். “ரெண்டு விமானம் மாறி வந்திருக்கேன்டா. பேரெழுதி ஒட்டின சீட்ட விட்டுட்டு வாசல்ல நிக்கச் சொல்றியா?”

“விடுங்க மாமா, தாலி கட்டற அன்னிக்கே கல்யாண மண்டபத்துச் சுவரத் தட்டிப் பார்த்த மனுஷன்” என்றாள் மனைவி. “ஏங்க, இத்தன வருஷத்துல எந்தச் சுவர் விழுந்திருக்கு? இன்னிக்காவது மூஞ்சிய நல்லா வச்சுக்கோங்க.”

எண்ணூறு பேர் வந்தார்கள். பால்கனியில் மட்டும் இருநூறு மாணவர்கள். வேந்தர், இவர் விரிசல்களின் மொழி அறிந்தவர் என்று நாற்பது நிமிடம் புகழ்ந்தார். இவர் பீமைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொலைநோக்குப் பார்வை என்று வேந்தர் அதையும் சேர்த்துக்கொண்டார்.

உறுதிமொழியின் கடைசிச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் மைக்கைப் பிடித்தார்.

“இப்ப நான் தலைவர். முதல் உத்தரவு. எல்லாரும் மெதுவா எழுந்து வெளிய போங்க. பால்கனி பீம்ல விரிசல் இருக்கு.”

பால்கனிதான் முதலில் வெடித்துச் சிரித்தது.

“அதானே! இன்னும் சொல்லலியேன்னு பார்த்தேன்!” என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

“ஐயோ, நிஜமா சொல்றேன். கை தட்டாதீங்க.” இரண்டு கையையும் கூப்பினார். “காலால தட்டாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்.”

என்ன பணிவு! சபை எழுந்து நின்று தட்டியது. மாணவர்கள் தாளம் போட்டுக் குதித்தார்கள். பதிவாளர் குறிப்பேட்டில் எழுதினார்: முதல் உத்தரவு, அவையில் சிரிப்பு.

மனைவியும் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பச்சைப் புடவையின் தோளில் வெள்ளையாகத் தூள் விழுந்தது. தட்டிவிட்டு மறுபடி கைதட்டினாள்.

அவர் மேடையிலிருந்து குதித்து ஓடினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். “வா. அண்ணா, நீயும் வா.”

வழியை அடைத்து நின்றார் புகைப்படக்காரர், பின்னால் இன்னும் நாலு பேர்.

“குடும்பத்தோட ஒண்ணு! அசையாதீங்க சார், அப்படியே. கொஞ்சம் மேல பாருங்க, கம்பீரமா இருக்கும்.”

பார்த்தார். பென்சில் கோட்டைக் காணோம். கோடு போட்டிருந்த பூச்சே உதிர்ந்து போயிருந்தது.