அஞ்சலி மேல் ஒட்ட மாட்டார்கள்

த்ரில்லர் படத்துக்கு போஸ்டர் செய்வது சுலபம். கருப்பில் தொடங்க வேண்டும். கதாநாயகனுக்குப் பாதி முகம் இருட்டில் இருக்க வேண்டும். முழு முகமும் தெரிந்தால் அது குடும்பப் படம். தலைப்பில் ஏதாவது ஓர் எழுத்துக்குக் காலாக ஒரு கத்தி. சிவப்பில் கைரேகை. மழை. மேற்கொண்டு ஏதாவது கேட்டால் மஞ்சள் நாடா. செங்கல்பட்டில் எந்தப் போலீஸ்காரரும் அப்படி ஒரு நாடாவைக் கட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் போகிறவனுக்கு, கொலைப் படம் என்று புரிந்துவிடும். அவனுக்கு இதற்கு மேல் புரியாது என்று நம்புகிறவர்கள்தான் படம் எடுக்கிறார்கள்.

நான் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவன். செங்கல்பட்டில் மோசஸ் அண்ணன் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். மாமல்லபுரத்துக்கு அப்பால் சவுக்குத் தோப்பில் ஒரு படம் எடுத்துவிட்டு, அதன் இயக்குநரும் விளம்பரம் பார்க்கும் கண்ணாயிரமும் கடைக்கு வந்தார்கள். முதல் காட்சியிலேயே கதாநாயகி செத்துவிடுகிறாள். யார் கொன்றது என்பது மிச்சக் கதை. நான் செய்து வைத்திருந்தவற்றை இயக்குநர் ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும்.

"ப்ரோ, எல்லாம் த்ரில்லர் மாதிரியே இருக்கு."

"த்ரில்லர்தானே?"

"ஆமா. ஆனா அப்படித் தெரியக் கூடாது. அதாவது, தெரியணும். தெரியவும் கூடாது."

இப்படிப் பேசுகிறவனை நம்பி யாரோ கோடிக்கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

கண்ணாயிரத்துக்கு வேறு கவலை. "தெரியறது அப்புறம் சார். காலைல ஒட்டுனா மத்தியானத்துக்குள்ள எவனாவது மேல ஒட்டிர்றான். தலைவர் பொறந்தநாளு, காதுகுத்து, கோச்சிங் கிளாஸ்."

போஸ்டர் ஒட்டும் மணி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். சிரித்தான்.

"எங்காளுங்க ஒண்ணே ஒண்ணு மேலதான் சார் கை வெக்க மாட்டானுங்க. கண்ணீர் அஞ்சலி. காரியம் முடியற வரிக்கும் சுத்தி ஒட்டுவோம், மேல ஒட்ட மாட்டோம். வயசுப் பொண்ணுன்னா அப்பால கூட மனசு வராது. கேளம்பாக்கம் முக்குல ஒரு பொண்ணு, வருசம் ஆவப் போவுது, இன்னும் அப்டியே கீது..."

நிறுத்தினான். என்னைப் பார்த்தான். மோசஸ் அண்ணன் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண் வசுமதி. என் மனைவி. மூளைக்காய்ச்சல். அந்த போஸ்டரை இதே கடையில் நான்தான் செய்தேன். கேளம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைச் சுவரில் ஒட்டினார்கள். வீட்டில் இருந்த அவள் படங்களையெல்லாம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். சுவரில் இருப்பவளை மட்டும் தினமும் காலையில் பஸ் ஏறும் முன் பார்ப்பேன். வேறெங்கும் அவளை என்னால் பார்க்க முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. மணிக்குத் தெரிந்திருக்கிறது.

இயக்குநர் துள்ளி எழுந்தான். "அட, அதை நான் பார்த்திருக்கேன். ஷூட்டிங் போற வழியில. போட்டோகூட எடுத்து வெச்சிருக்கேன்."

போனை என்னிடம் நீட்டினான். மேலே கண்ணீர் சொட்டும் இரண்டு கண்கள். பக்கத்துக்கு ஒரு குத்துவிளக்கு. நடுவில் வசுமதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சிரிப்பைப் பாருங்க ப்ரோ. பார்த்த உடனே யாரோ கொன்னுட்டாங்கன்னு தோணுதுல்ல?"

"காய்ச்சல்."

"தெரிஞ்சவங்களா?"

"டிசைன் நான் செய்தது."

"ச்சே, காய்ச்சலா." நல்ல கதை ஒன்று வீணாய்ப் போனதுபோல உதட்டைப் பிதுக்கினான். "சரி விடுங்க. எனக்கு இதே வேணும். ஒண்ணும் மாத்தாதீங்க. படத்துல ஹீரோயின் பேரு அனு. 'செல்வி அனு'ன்னு போட்டு அவ போட்டோ வைங்க. 'இயற்கை எய்தினார்'னு வர்ற இடத்துல 'இயற்கை எய்தவில்லை'. முடிஞ்சுது."

கண்ணாயிரம் கை தட்டினார். "ஒருத்தன் மேல ஒட்ட மாட்டான் சார்!"

"வேண்டாம்" என்றேன். "ஒட்டுகிறவர்கள் ஒரு தடவை ஏமாந்தால் அப்புறம் எந்த அஞ்சலியையும் விட்டுவைக்க மாட்டார்கள்."

"படம் இந்த வெள்ளிக்கிழமை வந்து அடுத்த வெள்ளிக்கிழமை போயிரும் ப்ரோ. அதுக்கப்புறம் யார் எது மேல ஒட்டுனா நமக்கென்ன?"

அன்று அவன் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

மோசஸ் அண்ணன் என் தோளில் கை வைத்தார். "உலகு, நீ வெளிய போய் டீ சாப்பிடு. நான் போட்டுக்கறேன்."

"நீங்க போட்டா பார்டர் கோணிக்கும்ணே."

நானே உட்கார்ந்தேன். எங்கள் கடையில் எல்லா அஞ்சலியும் ஒரே கோப்புதான். போனவரை எடுத்துவிட்டு வந்தவரை வைப்போம். வசுமதியை வைக்கும்போது ஒரு தாசில்தாரை எடுத்தேன். அதற்குப் பின் வந்தவர்களை மட்டும் அவள் இடத்தில் வைக்காமல் தனிப் பிரதியில் வைத்துவந்தேன். இப்போது வசுமதியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். வெறும் வெள்ளைக் கட்டத்தின் மேல் இரண்டு கண்கள் அழுதுகொண்டிருந்தன. அந்த இடத்தில் நடிகையை வைத்தேன். அவளுக்குச் செத்த பிறகும் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஒட்டினார்கள். கண்ணாயிரம் சொன்னபடி யாரும் மேலே ஒட்டவில்லை. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்களாம். கோவளத்தில் மீன் விற்கும் ரெபேக்காள் கனகாம்பரம் வாங்கி வந்து செல்வி அனுவுக்குச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் கண்ணாயிரத்தின் ஆட்கள் எல்லாவற்றின் குறுக்கிலும் 'நாளை முதல்' என்று ஒரு பட்டையை ஒட்டினார்கள். ரெபேக்காள் பூவையும் போஸ்டரையும் சேர்த்துப் பிய்த்தெறிந்தாள். "சாவுலயாடா வெளையாடுவீங்க, கட்டையில போறவனுங்களா" என்று அவள் கத்தியதை மணி நடித்துக் காட்டினான்.

அடுத்த வாரம் அவனே கடைவாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"பேஜாரா பூட்ச்சு அண்ணாத்த. எங்காளுங்க செம காண்டுல கீறானுங்க. எது நெச சாவு, எது சினிமா சாவுன்னு எவன் பாத்துகினு இருக்கறது? எல்லாத்து மேலயும் ஒட்றதுன்னு முடிவு பண்ணிட்டானுங்க. இன்னிக்கு கேளம்பாக்கம் முக்கு. வேற எவனோ ஒட்றதுக்கு நானே ஒட்றேன்னு வாங்கியாந்தேன். உன்னாண்ட சொல்லாம முடியல."

"என்ன போஸ்டர்?"

"ரெண்டு கீது. எது சொல்றியோ அது." ஒன்றை விரித்தான். மூட்டுவலித் தைலம். இன்னொன்று அதே படம். இயக்குநர் கடைசியில் என்னுடைய முதல் டிசைனுக்கே வந்திருந்தான். பாதி முகம், கத்தி, மழை. கீழே 'மாபெரும் வெற்றி'. ஓடாத படத்துக்கு எப்போதும் அதைத்தான் போடுவோம்.

"தைலம்" என்றேன்.

"தைலக்காரன் மட்டும் இன்னா, யோக்கியனா?"

"அவன் யாரையும் அழச் சொல்லவில்லை."

அவன் வண்டியிலேயே போனோம். எங்கள் மையில் சிவப்பு சீக்கிரம் போய்விடும். வெயிலில் வசுமதி நீலமாகியிருந்தாள். மணி ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பார்த்தான். சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது.

"கிழியாம எடுத்துத் தரட்டா?"

"வராது. மைதாப் பசை."

அவன் தூரிகையை எடுத்தான். பார்டரில் பசை போட்டான். விளக்குகளின் மேல் போட்டான். தோற்றம், மறைவு தேதிகளின் மேல் போட்டான். முகத்தைச் சுற்றிப் போட்டான். மறுபடியும் முகத்தைச் சுற்றியே போட்டான். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மணி, நடுவில் பசை இல்லாவிட்டால் காற்று நிற்கும். நாளைக்கே உப்பிக்கொள்ளும்."

"எனுக்குத் தெரியாதா அண்ணாத்த."

தெரிந்தும் தூரிகை அங்கே போகவில்லை. அவன் கையிலிருந்து அதை வாங்கினேன். வாளியில் முக்கி, நெற்றியிலிருந்து தொடங்கினேன்.