மற்றவை

"அப்ப ஹாலித்தோட மெஷினுக்காக நான் உட்கார்ந்த நேரமெல்லாம் எங்க சார் போச்சு?"

"எங்கயும் போகலம்மா. 'மற்றவை'ல இருக்கு. நீயே போட்டதுதானே?"

அற்புதசாமி கம்ப்யூட்டர் திரையை ஷெர்லின் பக்கம் திருப்பினார். அவளுடைய உழைப்பு வண்ணப் பட்டைகளாக அடுக்கப்பட்டிருந்தது. பாதிக்கு மேல் 'மற்றவை'யின் சாம்பல் நிறம்.

திருவெறும்பூரில் முறுக்கு, மிக்சர் இயந்திரங்கள் செய்யும் கம்பெனி அது. டிசைன் பிரிவுக்கு அற்புதசாமி தலைவர். யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்று அன்றன்றைக்குக் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. பக்கத்து மேசைக்காரனுக்கு உதவுவதற்கு மட்டும் எண் கிடையாது. அதை 'மற்றவை'யில் போட வேண்டும். டீ குடிப்பதும் பிறந்தநாள் கேக் வெட்டுவதும் போகிற இடமும் அதுதான்.

"டிசைன்ல நாலு பேர் இருக்கீங்க. ரேங்க் போட்டா ஒருத்தர் கடைசியில இருந்தாகணும், ரூல் அப்படி. அடுத்த மாசத்துலேருந்து நீ சர்வீஸுக்குப் போற. ஊர் ஊரா சுத்தலாம், ஜாலிதான்."

"நான் டீ குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்னு நினைக்கிறீங்களா சார்?"

"நான் நினைக்கலம்மா. சிஸ்டம் நினைக்குது."

அவர் தலைக்கு மேலே, 'அறிந்ததைப் பகிர்வோம், புதியதைப் படைப்போம்' என்று ஒரு போஸ்டர் பல்லிளித்தது. அதைக் கிழித்து மென்று அவர் மேசையிலேயே துப்ப வேண்டும் போலிருந்தது ஷெர்லினுக்கு. வரைவது அவளுக்குச் சம்பள வேலை மட்டுமல்ல. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்கூட அவள் மனதில் பற்சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். இனி கையில் ஸ்பேனர்தான்.

பக்கத்து மேசை ஹாலித்தின் முறுக்கு இயந்திரத்தில் மாவு அடைத்துக்கொண்டபோது அச்சை மாற்றி வரைந்தது அவள். கம்பெனி வெப்சைட்டின் ஐடியா பக்கத்தில் ஒரு யோசனைக்கு ஒரு பெயர்தான் போடலாம். இரண்டாவது பெயரைத் தட்டினால் சிவப்பு எழுத்தில் திட்டும். ஹாலித் தன் பெயரைப் போட்டான். டிசைன் பிரிவில் முதலிடம் வாங்கினான்.

அவள் வெளியே வந்ததும் ஹாலித் சிரித்தான். "என்ன, மூஞ்சில கடுகைப் போட்டா வெடிக்கும் போல?"

அவனிடம் சொல்லத்தான் காலையிலிருந்து ஒன்றை வைத்திருந்தாள். அவன் இயந்திரத்தில் மாவைத் தள்ளும் திருகு சுற்றச் சுற்ற உருளை சூடாகிறது. அந்தச் சூட்டில் மாவு இளகிவிடும். எண்ணெயில் விழுந்ததும் உதிரும். உருளையைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால் போதும்.

சொல்லவில்லை. சொன்னால் அதுவும் சாம்பல் பட்டையில்தானே சேரும்? பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ஹாலித்தின் இயந்திரத்துக்குச் சோதனை ஓட்டம். சர்வீஸுக்குப் போகிறவள் கற்றுக்கொள்ளட்டும் என்று அற்புதசாமி அவளையும் வேனில் ஏற்றினார். வேன் காவிரிப் பாலத்தைக் கடக்கும்வரை ஹாலித் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடையவளஞ்சான் வீதியில் பலகாரக் கம்பெனி நடத்தும் பானுப்ரியாதான் இயந்திரத்தை வாங்கப் போகிறவள். முதல் ஈடு பொன்னிறமாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் முறுக்கு எண்ணெயிலேயே பிரிந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது.

"என்ன தம்பி, முறுக்கு கேட்டா தூள் போட்டுத் தர்றீங்க? இதை ஸ்பூன் வச்சுத் திங்கறதா?" என்றாள் பானுப்ரியா. "மதியத்துக்குள்ள சரியா வரலைன்னா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுங்க."

"உன்னையா முதல் இடத்துல வச்சேன்?" அற்புதசாமி எல்லோர் முன்னாலும் ஹாலித்தைப் பார்த்துக் கத்தினார். "இப்ப கடைசி இடம் யாருக்குன்னு தெரியுதா?"

ஷெர்லினுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. நேற்று அவளைக் கடைசியில் தள்ளிய அதே வாய் இன்று ஆள் மாற்றித் தள்ளுகிறது. நாளைக்கு இன்னொருவர். இந்தக் கடைசி இடத்துக்குப் பயந்து நாலு பேரும் தெரிந்ததை வாய்க்குள் பூட்டிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமையானால் அந்தப் போஸ்டருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தூ!

ஹாலித் அவள் பக்கத்தில் வந்து நின்றான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சா? அதையும் உன் பேர்ல போட்டுக்குவியா?"

"யார் பேர்ல வேணா போடு. நாலு பேர் பாக்கத் திட்டணும்னாலும் திட்டு." முகத்து வியர்வையைத் துடைத்தான். "என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லிடு, ஷெர்லின்."