முப்பத்துநாலு டிகிரி

என் மச்சானுக்கு நான் தரவேண்டியிருந்தது எண்பத்துநாலாயிரத்து ஐந்நூறு. மாதம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரமாக எட்டு மாதம் சம்பளத்தில் பிடித்தது போக, மீதி அறுபத்தோராயிரத்து முந்நூறு. கைமாற்று வாங்கிய பணமில்லை. நான் உடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பிஸ்டன், அது கிழித்த சிலிண்டர், வளைந்த இரண்டு வால்வு, இவற்றின் விலை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எஞ்சின் பட்டறை அவருடையது. கழுவுவது, தூக்குவது, முறுக்குவது என் வேலை. பில் எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் என் மனைவி. அந்த எஞ்சின் இருந்த வண்டி ஒரு பல் டாக்டருடையது. வாரமெல்லாம் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸ் ஓட்டுவார். நேர் ரோட்டில் கால் மைல், இரண்டு வண்டி, பத்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். போன தடவை நாங்கள் கட்டிக்கொடுத்த எஞ்சின் மூன்றாவது ஓட்டத்திலேயே பிஸ்டனில் ஓட்டை விழுந்து நின்றது. பொறி முந்தி விழுந்திருக்கிறது, டைமிங் வைத்த கை சரியில்லை என்றார் மச்சான். வைத்தது நான். அவர் சொன்ன முப்பத்துநாலு டிகிரியில்தான் வைத்தேன். ஆனால் ஓட்டை விழுந்த பிஸ்டனை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசும்போது என்னத்தை எதிர்த்துப் பேசுவது?

அதே எஞ்சினை மறுபடி கட்டியாயிற்று. அன்று முதல் ஸ்டார்ட்.

"இதுவும் போச்சுன்னா, மாப்ள, உங்கள நான் வேலையில வச்சுக்க முடியாது" என்றார் மச்சான், காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே. "தங்கச்சி முகத்துக்காக எவ்வளவு தூரம்தான் பாக்கிறது?"

மனைவி மேசையிலிருந்து நிமிரவில்லை. "என் முகத்த ஏன் இழுக்கிற? அது பாட்டுக்கு இருக்கு" என்றாள்.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழவேண்டும். எவ்வளவு முன்பு என்பதை எஞ்சினின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியில் டிகிரியாகப் பார்க்கிறோம். புல்லியின் விளிம்பில் எண் போட்ட டேப் ஒட்டியிருக்கும். அதன் தலைக்கு மேல் ஒரு முள் நிற்கும். முள்ளுக்கு நேரே முப்பத்துநாலு வரும்போது முதல் சிலிண்டருக்குப் பொறி போகும்படி, பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை உட்காரவைத்து இறுக்கவேண்டும். முந்தினால் பிஸ்டன் போகும். பிந்தினால் எஞ்சின் பிடிக்காது. வால்வுகளைத் தள்ளும் கேம் வேறு புதுசு. பிடிக்காமல் ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருந்தால் மேலே பூசிய எண்ணெய் வழிந்து அதன் முகடு தேய்ந்துவிடும். முதல் சுற்றிலேயே பிடிக்கவேண்டும்.

முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கிராங்கைத் திருப்பினேன். காற்று விரலைத் தள்ளியது. பொறி விழவேண்டிய ஏற்றம்தான். முள்ளில் முப்பத்துநாலை நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். இறுக்கினேன். மனசு கேட்கவில்லை. கழற்றி மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதுவும் சரி. மூன்றாவது தடவை தொடங்கும்போது டாக்டர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். பட்டறைக்குள் நிற்கிற வண்டிக்கு எதற்கு ஹெல்மெட் என்று யாரும் கேட்கவில்லை.

"இந்தத் தடவ நல்லா இருக்குமா?" என்றார் என்னைப் பார்த்து.

"வாயத் தொறந்து காட்டுங்கன்னு நீங்க சொல்றப்ப எங்களுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் சார் அவருக்கும் இருக்கு" என்று மச்சான் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

நான் முள்ளுக்கு நேரே பூஜ்ஜியத்தைக் கொண்டுவந்து வைத்து, உச்சியைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். கை வியர்வை டேப்பில் பட்டிருந்தது. துணியால் துடைத்துக்கொண்டே வந்தவன் தொண்ணூறு என்ற எண்ணில் நின்றுவிட்டேன். பூஜ்ஜியம் நடு உச்சியில் இருக்கிறது. தொண்ணூறு என்றால் கால் சுற்று. அது வலப்பக்கம், புல்லியின் நடு போல்ட்டுக்கு நேர் மட்டத்தில் நிற்கவேண்டும். நின்றது அதற்கும் இரண்டு விரல் கீழே.

நான் தப்பாகப் பார்க்கிறேனா? டேப்பை ஒட்டியது மச்சான். அவர் ஒட்டினால் ஒட்டியதுதான். கடன்காரன் நான், டாக்டர் முன்னால் என்ன சொல்வது? சொல்லி அது தப்பாகப் போனால் இன்றைக்கே கணக்கு முடிந்தது. சொல்லாமல் விட்டால்?

"என்ன மாப்ள, ஆச்சா? சார் அடிங்க!"

நான் பாட்டரி ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். டாக்டர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒயரக் கையில வச்சுக்கிட்டு என்ன வேடிக்கை?" மச்சானின் குரல் தடித்தது.

"ரெண்டு நிமிசம், மச்சான். ஒரு சந்தேகம்."

"எட்டு மாசமா வராத சந்தேகம் இப்ப வருதாக்கும்!"

மனைவியிடம், "பில் கட்டுற நூல் கொஞ்சம் குடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நூல்கண்டையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

புல்லியைச் சுற்றி நூலை ஒரு சுற்று விட்டு அறுத்தேன். இரண்டாக மடித்தேன், நாலாக மடித்தேன், அதை மூன்றாக மடித்தேன். பன்னிரண்டில் ஒரு பங்கு. முந்நூற்று அறுபதில் அது முப்பது டிகிரி. மடித்த நூலைப் பூஜ்ஜியத்தில் வைத்து டேப்போடு படியவிட்டேன். முப்பதுக்கு வரவேண்டிய நுனி இருபத்துமூன்றிலேயே நின்றுவிட்டது.

மச்சான் குனிந்து பார்த்தார். நூலை என் கையிலிருந்து வாங்கி அவரே மடித்து, அவரே வைத்தார். மறுபடி இருபத்துமூன்று.

"நூல் இழுவுது" என்றார்.

"அப்ப ஸ்கேல் வச்சுப் பாருங்க" என்றேன்.

டாக்டர் இறங்கி வந்தார். "என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல சார், சின்ன..." மச்சான் முடிக்கவில்லை.

"அண்ணே" என்றாள் என் மனைவி. "இந்த டேப்பு, எட்டு அங்குலப் புல்லிக்குன்னு நான் பில் எழுதின பாக்கெட்டுதானே? ஒண்ணு மிச்சம் இருக்கு, வீணாப் போகுமான்னு வச்சியே?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. போன தடவை கட்டும்போதே, எடை குறையட்டும் என்று எட்டு அங்குலப் புல்லியைக் கழற்றிவிட்டு ஆறேகால் அங்குலத்தை மாட்டியவர் மச்சான். டேப் மட்டும் பழைய பாக்கெட்டிலிருந்து. பெரிய சக்கரத்து எண்கள் சின்னச் சக்கரத்தில் அகலமாக விழுந்திருக்கின்றன. நான் முப்பத்துநாலு என்று வைத்தது உள்ளபடி நாற்பத்துமூன்றுக்கு மேல்.

"பாக்கெட்டுல ரெண்டுதான் இருந்துச்சு. மத்தது போன தடவ ஒட்டினது" என்றாள் அவள்.

மச்சான் கைகளைத் துணியில் துடைத்தார். சுத்தமான கைகள்தான், ஆனாலும் துடைத்தார்.

"சார்," என்றார், "போன தடவ உங்க பிஸ்டன் போனது என்னால. இவரு கையால இல்ல."

டாக்டர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். "அப்ப இப்ப சரியா வைங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

புல்லியின் சுற்று ஐந்நூறு மில்லி. முப்பத்துநாலு டிகிரிக்கு நாற்பத்தேழு மில்லி என்று மச்சான் கணக்குப் போட்டார். நான் பூஜ்ஜியத்திலிருந்து அளந்து கோடு கீறினேன். டேப்பின் முப்பத்துநாலுக்கும் என் கோட்டுக்கும் ஒரு விரல் அகலம் வித்தியாசம். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தித் திருப்பி இறுக்கும்போது அது ஸ்பானரோடு சேர்ந்து திரும்பப் பார்த்தது. மச்சான் கை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். "நான் பிடிக்கிறேன், நீங்க முறுக்குங்க."

ஒயரை மாட்டினேன். டாக்டர் அழுத்தினார்.

அரைச் சுற்றுதான், பிடித்துவிட்டது. பட்டறையின் தகரம் முழுக்க அதிர்ந்தது. மேசையிலிருந்த காகிதங்கள் பறந்தன. மனைவி காதைப் பொத்திக்கொண்டு வாயால் என்னவோ கேட்டாள், புரியவில்லை. புதுக் கேம் பழக ஓடவிட்ட இருபது நிமிடமும் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளை விட்டு என் கண் நகரவில்லை. எங்கேயாவது ஒரு தட்டல் கேட்குமா, கேட்குமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் விளக்கை அடித்துப் பார்த்தபோது என் கீறல் முள்ளுக்கு நேரே அசையாமல் நின்றது.

அணைத்த பிறகும் காதுக்குள் சத்தம் ஓடியது. டாக்டர் பாக்கிப் பணத்தை மேசையில் வைத்தார், முழுதாக இல்லை. "போன தடவ ரேஸ் கெட்டதுக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டேன்" என்றார். மச்சான் தலையாட்டினார்.

அவர் போனதும் மச்சான் தங்கையிடம், "அந்த அறுபத்தோராயிரத்து முந்நூற அடிச்சிரு" என்றார்.

அவள் நோட்டைத் திறந்தாள். பேனாவை எடுக்கவில்லை. "பிடிச்ச இருபத்துமூவாயிரத்து இருநூறு?"

"நான் கேக்கலையே" என்றேன்.

"உங்கள யாரு கேட்டா? நான் கேக்கிறேன்."

மச்சான் மேசைமேல் இருந்த பணத்திலிருந்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணி அவள் பக்கம் நகர்த்தினார். என் கையில் எண்ணெய் இருந்ததால் அவள்தான் வாங்கி எண்ணினாள். எண்ணி முடித்தபிறகு நோட்டில் என் கடன் எழுதிய பக்கத்தில் கோடு போட்டாள்.