வெளுத்துப்போன பலகைகள்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர், மருத்துவமனை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வாயிற்காவலர். தந்தது அவருக்கே தெரியாது. அதனால்தான் எழுதக் கை கூசுகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சூளை செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்த அந்த" (விட்டுவிட்டேன். தீயில் தொடங்கினால் எல்லாரும் தீயையே பார்ப்பார்கள்.)

2

அவர் முன்பு ஒரு பீங்கான் பட்டறையில் மின்காந்த அலையால் உலர்த்தும் இயந்திரம் ஓட்டியவர். நெஞ்சில் பேஸ்மேக்கர் என்ற துடிப்புக் கருவி வைத்தபின், இயந்திரத்திலிருந்து கசியும் அலை அதற்கு ஆகாது என்று வாசலுக்கு மாற்றிவிட்டார்கள்.

"போற வண்டி வர்ற வண்டிக்கெல்லாம் சலாம் போட்டுக்கிட்டுக் கெடக்கேன் சார்," என்றார்.

அவர் மனைவி அதே பட்டறையில் சூளை பார்ப்பவள். கணவரை மறுபடி உள்ளே கொண்டுவர ஒரு வழி கண்டாள். கரித்தூள் கலந்த பீங்கான் கூழில் நுரைப்பஞ்சை முக்கிப் பிழிந்து சுட்டால், பஞ்சு சூட்டிலேயே புகைந்து மறைந்து, துளைத் துளையாக, ரொட்டித் துண்டுபோல் இலேசான பலகை கிடைக்கும். துளைகள் வெப்பத்தைத் தடுக்கும். கரி அலையை விழுங்கும். அந்தப் பலகைகளால் இயந்திரத்தைச் சுற்றி அடைத்துவிடலாம். மேலாளர் ஒரே ஒரு முறை சுட்டுப்பார்க்கச் சம்மதித்தார்.

(மேலாளரைக் கல்நெஞ்சராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.)

3

"பலகை வெந்த அன்னிக்கு மத்தியானம் மெஷினை நிறுத்தியிருந்தாங்க, உள்ள போனேன். எனக்கு ஆசை தாங்கல. சூளையில எட்டிப் பாக்குற ஓட்டை இருக்கும்ல, அந்த அடைப்பை உருவிப் பாத்தேன். உள்ள தகதகன்னு இருந்துச்சு. ஒரு கும்பிடு போட்டுட்டு மறுபடி சொருகிட்டேன்."

ஆறவிட்டுத் திறந்தபோது, கரியோடு கறுப்பாக இருக்க வேண்டிய பலகைகள் வெள்ளைவெளேரென்று இருந்தன. வெப்பம் தாங்கும், அலையைத் தாராளமாக விடும். கலவையில் தான்தான் தவறிவிட்டதாக மேலாளரிடம் மனைவி சொன்னாள். அடுத்த வாய்ப்பு இல்லை. அவளையும் சூளையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"சமையல்ல உப்புப் போட மறக்குற கைதானே, கலவை மட்டும் எப்படிச் சரியா வரும்னு கிண்டல் பண்ணுவேன் சார். அவளும் சிரிச்சுக்குவா."

அதற்குள் அவரை மருத்துவர் அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

4

பிறகு விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். கரி தங்க வேண்டுமானால் சூளைக்குள் காற்று நுழையக் கூடாதாம். அதற்காகவே அடைப்பைச் சுற்றி ஈரக் களிமண் பூசுவார்களாம். பூச்சை உடைத்துவிட்டு அடைப்பை வெறுமனே செருகினால், இடுக்கில் நுழையும் காற்றிலேயே கரி எரிந்துபோகும்.

உடைந்த பூச்சை முதலில் பார்த்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். சூளையைத் தொட்டது யாரென்று விசாரணை வந்திருந்தால், அவருடைய வாசல் வேலையும் போயிருக்கும்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

"அடியில் ஒரே ஒரு பலகை மட்டும் கறுப்பாகவே" (பொய். அடித்துவிட்டேன்.)

"ஒருநாள் அவளே அவரிடம்" (சொல்ல மாட்டாள்.)

அவள் செய்ததைக் கடவுள் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். நம்பிக்கொண்டே அதை அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். பெயர்கள் இல்லைதான், ஆனால் தன்னை அடையாளம் காண அடைப்பை உருவியவருக்குப் பெயர் தேவைப்படாது.

ஏதோ ஒரு பட்டறை வாசலில் நீங்கள் காத்திருக்கும்போது, அங்கே நாற்காலியில் இருப்பவர் பேச்சுத் துணைக்காக, "என்ன படிக்கிறீங்க, கதையா? குடுங்களேன், பாக்கலாம்," என்று கை நீட்டலாம்.

அங்கே நான் இருக்க மாட்டேன்.