நடுவில் எழும் பந்து

1

ஒரு பொய்த் தவறிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. நியூசிலாந்தின் லின்ஃபீல்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் தமிழர்கள் சேர்ந்து பாட்மின்டன் ஆடுவோம். அன்று வலையை உரசி விழுந்த பந்தை எடுக்க என் ஜோடி கஜானி பாய்ந்தாள். ராக்கெட் பந்துக்கு அடியில் சரியாகப் போய் நின்றது. பிறகு அதை அவளே கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். பந்து தரையில் விழுந்தது.

"பந்தைப் பார்த்து அடியுங்கோ தங்கச்சி," என்றார் மண்டபச் சாவியை வைத்திருக்கும் மகேசன் அண்ணை.

"ஓம் அண்ணை," என்றாள்.

2

முதல் வரைவில் அவள் பெயர் கெரிஸ். "வேல்ஸின் மழைக் குன்றுகளில், ஆடுகளுக்கு நடுவே, செம்பட்டைக் கூந்தல் பறக்க

(இதை முடிக்கவில்லை. வேல்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது மழையும் ஆடுகளும்தான். அவை நியூசிலாந்திலேயே தாராளமாகக் கிடைக்கின்றன.)

எனவே கஜானியாகவே இருக்கட்டும். கார்டிஃபில் பிறந்தவள், யாழ்ப்பாணத்துப் பெற்றோர். அன்றைய தவறு உறுத்தவே இணையத்தில் அவள் பெயரைத் தேடியபோது ஒரு படம் கிடைத்தது: வேல்ஸ் அணியின் சிவப்புச் சட்டையில் அவள், பக்கத்தில் அவளுடைய கலப்பு இரட்டையர் ஜோடி ஓவன். இரட்டையர் ஆட்டத்தில் தரவரிசை ஜோடிக்குத்தான். முழங்கால் போய் ஓவன் விலகியபோது, இருவரும் ஊர் ஊராகச் சேர்த்த புள்ளிகளும் அவனோடு போயின. வேறு ஆளோடு சேர்ந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அவள் தொடங்கவில்லை. (இதை எழுதும்போது என் விவாகரத்து ஞாபகம் வந்தது. அது இந்தக் கதைக்குள் வராது.)

3

கார் நிறுத்துமிடத்தில் கேட்டேவிட்டேன்.

"நீங்க வேல்ஸுக்கு ஆடினவங்கதானே?"

அவள் டிக்கியை மூடினாள். "ஆருக்கும் சொல்லிப்போட்டீங்களோ?"

"இல்ல."

"சொல்லாதேங்கோ. கார்டிஃப்லயும் இப்பிடித் தமிழ் ஆக்கள் விளையாடுற ஒரு ஹோல் இருந்தது. நான் டீமுக்குப் போனாப்பிறகு எல்லாரும் என்னைப் பார்க்க வந்தவை. என்னோட விளையாட ஒருத்தரும் வரேல்லை."

"அதுக்காக வேணும்னே தோக்கணுமா?"

"கெதியா வெண்டா ஆட்டம் கெதியா முடிஞ்சிடும். எல்லாரும் வீட்ட போயிடுவினம். நான் இருக்கிற ஆல்பனியில எனக்கு ஆர் இருக்கினம்?"

எனக்கும் லின்ஃபீல்டில் யாருமில்லை.* "பாத்துப் போங்க, பிரிட்ஜ்ல டிராஃபிக் இருக்கும்," என்றேன்.

* இந்த வாக்கியத்தை அவளிடம் சொன்னதாக மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன். கதையில்கூட வாய் வரவில்லை.

4

ஆண்டிறுதிப் போட்டியின் இறுதியாட்டம். எதிரே மகேசன் அண்ணையும் அவர் மனைவி குணவதி அக்காவும். நாங்கள் எப்படி இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்பீர்கள். மற்றவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஆடினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் புள்ளி. அண்ணை பந்தை உயரத் தூக்கிவிட்டார். அது எங்கள் இருவருக்கும் நடுவே வருகிறது. நடுவில் வரும் பந்துக்கு யாராவது ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் "உங்கட!" என்பாள், நான் தவறவிடுவேன். இன்று அவள் இன்னும் குரல் கொடுக்கவில்லை. குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது. அந்தப் படத்தில் பார்த்த முகம்.

முடிவு அ: "என்ர!" என்று எம்பி அடிக்கிறாள். அடுத்த ஞாயிறு எல்லோரும் பிள்ளைகளோடு வந்து கோச்சிங் கேட்கிறார்கள். அவளோடு ஆட யாரும் வரவில்லை.

முடிவு ஆ: "உங்கட!" என்கிறாள். நான் கோட்டைவிடுகிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும். அந்தச் சிரிப்பை விவரித்து நான்கு வரி எழுதினேன். படிக்கச் சகிக்காமல் அழித்தேன்.

முடிவு இ: நான் "என்னுது!" என்று கத்தி

(வேண்டாம். அவள் பந்தை நான் எடுக்கக் கூடாது.)

5

ஒரு பயமும் இருக்கிறது. மகேசன் அண்ணை கதைகள் படிப்பவர். இது அச்சில் வந்தால் முடிவு அ தானாகவே நடந்துவிடும். வராவிட்டால் அவள் யாரென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அவளுக்குப் போதுமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அதனால் பந்தை மேலேயே விட்டிருக்கிறேன். அது விழும்வரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நீங்களே குரல் கொடுங்கள். கஜானி வாயைத் திறந்துவிட்டாள், சத்தம்தான் இன்னும் வரவில்லை. சாவி அண்ணையின் சட்டைப்பையில் இருக்கிறது. அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.